உளமதிப்பீட்டின் வகைகளும் பயன்பாடுகளும்: நாலந்தாப் பிரதேசத்தை மனங்கொண்டு ஒரு நோக்கு

தோற்றுவாய்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நாலந்தா என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அதன் அருகே முழுவதும் கல்லால் எடுக்கப்பட்ட ‘கெடிகே’ என்னும் பழைய வழிபாட்டிடம் உண்டு. பல்லவர் காலக் கட்டடக்கலையை நினைவூட்டும் திராவிடப் பாணியில் அமைந்த இக்கட்டடம் பௌத்த வழிபாட்டோடும் தொடர்புடையது. மகாவலித் திட்டத்தின் கீழ் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, நீரில் அமிழ்ந்துவிடாதபடி இது கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு வேறோர் இடத்தில் மீள எழுப்பப்பட்டது. ஓரிடத்துக் கட்டடத்தை இன்னோரிடத்திற்குப் பெயர்ப்பதற்கு எத்துணைக் கவனம் வேண்டும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இதே வழி இன்னொரு வரலாற்றையும் உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களில் உழைப்பதற்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாகத் தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று மாத்தளை, இறத்தோட்டை, எல்கடுவை ஆகிய பகுதிகளில் வாழ்கின்றனர். மாவட்டத்திற் சிங்கள மக்கள் பெரும்பான்மையினர். தமிழரும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் சிறுபான்மையினர்.

இத்தகைய பிரதேசமொன்றில் வாழும் ஒருவரின் அறிவையோ ஆளுமையையோ துயரையோ அளந்தறிய முற்படும்போது, எங்கோ ஓரிடத்தில், யாரோ சிலருக்கென ஆக்கப்பட்ட கருவிகளையே நாம் கையாளுகின்றோம். கெடிகேயைப் பெயர்த்தவர்கள் ஒவ்வொரு கல்லின் இடத்தையும் குறித்துக்கொண்டனர். உளவியற் சோதனைகளைப் பெயர்த்தவர்கள் அவ்வளவு கவனம் காட்டினரா என்பது கேட்கத்தக்க கேள்வியாகும். உளமதிப்பீடு என்பது யாது, அதன் வகைகள் எவை, அவை எவ்வெத் தேவைகளுக்குப் பயன்படுகின்றன, அவற்றின் எல்லைகள் யாவை என்பனவற்றை நம் மக்களின் நிலையை முன்னிறுத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோதனையும் மதிப்பீடும்

‘உளவியற் சோதனை’, ‘உளமதிப்பீடு’ ஆகிய இரண்டும் பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்கப்படுகின்றன. இவற்றை வேறுபடுத்தி நோக்குதல் அவசியம். சோதனை என்பது ஒரு கருவி. வரையறுக்கப்பட்ட வினாக்களை அல்லது பணிகளை வரையறுக்கப்பட்ட முறையில் ஒருவருக்கு அளித்து, அவரது துலங்கலைப் புள்ளிகளாக்குவது. மதிப்பீடு அதனினும் விரிந்தது. நேர்காணல், அவதானிப்பு, பிறரிடமிருந்து பெறும் தகவல், சோதனைப் பெறுபேறு ஆகிய நான்கையும் ஒருங்கிணைத்து, குறிப்பிட்ட ஒரு வினாவுக்கு விடை காண முயலும் செயன்முறை அது. வைத்தியர் ஒருவர் வெப்பமானியை மட்டும் நோக்கி நோயை நிர்ணயிப்பதில்லை. அவ்வாறே புள்ளியொன்றை மட்டும் நோக்கி மனிதரை நிர்ணயிப்பதும் முறையன்று.

ஒரு சோதனை பயன்தர மூன்று பண்புகள் வேண்டும். முதலாவது நம்பகம்: அதே நபருக்கு மீண்டும் அளித்தாலும், வேறொருவர் புள்ளியிட்டாலும் பெறுபேறு பெரிதும் மாறாதிருத்தல். இரண்டாவது ஏற்புடைமை: எதனை அளப்பதாகச் சொல்கின்றதோ அதனையே அளத்தல். மூன்றாவது நியமம்: ஒருவர் பெற்ற புள்ளியை எக்குழுவினரோடு ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாதல். இம்மூன்றாவதே நம் சூழலில் மிகவும் சிக்கலானது. நுண்ணறிவு ஈவு 85 என்று கூறுவது ஒருவரின் தலைக்குள் இருக்கும் ஏதோவொரு பொருளின் எடையைக் கூறுவதன்று. அதே வயதுடைய ஒரு குழுவில் அவர் பெறும் இடத்தையே அது சுட்டும். அக்குழு நியூயோர்க் நகரத்துப் பிள்ளைகளாக இருப்பின், எல்கடுவைத் தோட்டத்துப் பிள்ளை அதில் எங்கு நிற்கின்றது என்பதை அறிவதால் விளையும் பயன் யாது?

வரலாற்றுப் பின்னணி

உள அளவீட்டின் வரலாறு இரு எதிரெதிரான நோக்கங்களின் வரலாறாகும். பிரான்சிஸ் கால்டன் 1884இல் இலண்டனில் மனித அளவீட்டு ஆய்வுகூடம் ஒன்றை அமைத்தார். திறமை பரம்பரையாக வருவது, உயர்குடியினரே திறமையுடையோர் என்பது அவரின் கொள்கை. இனமேம்பாட்டியல் என்னும் கருத்துக்குப் பெயரிட்டவரும் அவரே. பாரிஸ் நகரில் அல்பிரட் பினேயின் நோக்கம் வேறு. கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் வகுப்பறையில் பின்தங்கிய பிள்ளைகளை இனங்கண்டு அவர்களுக்குச் சிறப்புதவி அளிக்கும் பொருட்டு, தியோடோர் சிமோனுடன் இணைந்து 1905இல் அவர் முதல் அளவுகோலை வெளியிட்டார். நுண்ணறிவு மாறாத நிலையான அளவு என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. பயிற்சியால் அதனை வளர்க்கலாம் என்றே அவர் வாதிட்டார்.

இக்கருவி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்ததும் அதன் பயன் தலைகீழாயிற்று. கொடார்ட் அதனை ஆங்கிலத்தில் ஆக்கி, அமெரிக்காவில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளிடையே பயன்படுத்தினார். கடலிற் களைத்து வந்தவர்களிற் பெரும்பகுதியினர் ‘அறிவு குன்றியோர்’ என முத்திரை பெற்றனர். டேர்மன் 1916இல் ஸ்டான்போர்ட்–பினே அளவுகோலை வெளியிட்டார். முதலாம் உலகப் போர்க் காலத்திலே ஏறத்தாழ 17 இலட்சத்து 50 ஆயிரம் படைவீரர் ‘அல்பா’, ‘பீட்டா’ எனும் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். எழுத்தறிவுடையோருக்கான அல்பாச் சோதனையில் வணிகப் பண்டங்களின் பெயர்களும் விளையாட்டு வீரர்களின் பெயர்களும் வினாக்களாயின. எழுத்தறிவற்றோருக்கான பீட்டாச் சோதனையிலோ வலையில்லாத டென்னிஸ் மைதானத்தையும் குழலில்லாத கிராமபோனையும் காட்டி, விடுபட்டதை வரையுமாறு கேட்டனர். டென்னிஸ் மைதானத்தைக் கண்டிராத விவசாயி இதில் தோற்றால், தோற்றது அவரது அறிவா, அன்றி அவரது வர்க்க வாழ்வா? இப்பெறுபேறுகள், 1924ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் பற்றிய விவாதச் சூழலில் தென் ஐரோப்பியருக்கும் கிழக்கு ஐரோப்பியருக்கும் எதிராக எடுத்தாளப்பட்டன.

இங்கிலாந்தில் சிரில் பேர்ட்டின் கருத்துகள், பதினோராம் வயதிற் பிள்ளைகளைத் தரம்பிரிக்கும் முறைக்குத் துணைநின்றன. அவர் இறந்தபின், இரட்டையர் பற்றி அவர் வெளியிட்ட தரவுகள் 1970களிற் கடுமையான ஐயத்துக்குள்ளாயின. கலிபோர்னியாவில் கறுப்பினப் பிள்ளைகள் நுண்ணறிவுச் சோதனையின் அடிப்படையில் அளவுக்கு மீறி ‘மந்த’ வகுப்புகளில் இடப்பட்டமையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், 1979இல் நீதிமன்றம் பெற்றோர் பக்கமே தீர்ப்பளித்தது.

இந்திய உபகண்டத்திலும் இம்முயற்சிகள் விரைவிலேயே தோன்றின. லாகூரிலே ஹேர்பேர்ட் றைஸ் 1920களில் பினே அளவுகோலை இந்துஸ்தானியில் அமைத்தார். வி. வி. காமத் மராத்தி, கன்னடப் பிள்ளைகளுக்கென அதனைத் தழுவி அமைத்தார். இது பினே–காமத் சோதனை எனப் பெயர் பெற்று இந்தியாவில் நீண்டகாலம் வழங்கிற்று. சி. எம். பாட்டியா 1955இல் மொழியைப் பெரிதும் சாராத செயற்சோதனைத் தொகுதியை வெளியிட்டார். நாகபுரியிற் பணியாற்றிய மாலின், வெக்ஸ்லரின் சிறுவர் அளவுகோலையும் வைன்லாந்துச் சமூக முதிர்ச்சி அளவுகோலையும் இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்ப அமைத்தார். இவை யாவும் பெயர்த்த கட்டடங்களே. ஆயினும் கற்களை எண்ணிப் பெயர்த்தமைக்காக இவர்களை நாம் மதிக்க வேண்டும்.

மதிப்பீட்டின் வகைகள்

1. நேர்காணலும் உளநிலைப் பரிசோதனையும். இதுவே எல்லா மதிப்பீட்டிற்கும் அடித்தளம். ஒருவரின் தோற்றம், பேச்சு, மனவெழுச்சி, சிந்தனையோட்டம், புலக்காட்சி, ஞாபகம், தன்னிலை பற்றிய உணர்வு ஆகியவற்றை உளமருத்துவர் முறையாக நோக்கிப் பதிவு செய்கின்றார். உளநோய் நிர்ணயம், தற்கொலை அபாயத்தைக் கணித்தல், சிகிச்சையைத் திட்டமிடல் என்பன இதன் பயன்கள். இது முற்றிலும் மொழியில் நிகழ்வது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. நுண்ணறிவுச் சோதனைகள். 1939இல் தொடங்கும் வெக்ஸ்லரின் அளவுகோல்களும் 1938இல் வெளிவந்த றேவனின் வரிசைப் படிவச் சோதனையும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கன. வெக்ஸ்லரின் முறையில் சராசரி 100, நியம விலகல் 15 ஆகும். மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 85க்கும் 115க்கும் இடையில் அமைவர். 70க்குக் கீழ் அமைவோர் நூற்றுக்கு இருவர் அளவினர். அறிவுசார் வளர்ச்சிக் குறைபாட்டை இனங்காணவும் கற்றலிற் பலம் எது, பலவீனம் எது என அறியவும் இவை உதவும்.

3. இசைவாக்க நடத்தை அளவுகோல்கள். உண்ணல், உடுத்தல், கடைக்குச் செல்லல், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளல், பிறரோடு பழகல் என அன்றாட வாழ்வில் பிள்ளை என்ன செய்கிறது என்பதைப் பெற்றோரிடம் கேட்டறிவன. நுண்ணறிவு ஈவு குறைந்திருந்தாலும் அன்றாட வாழ்வில் இயல்பாக இயங்கும் பிள்ளையை வளர்ச்சிக் குறைபாடுடையது எனக் கூறமுடியாது. இரண்டும் குறைந்திருத்தல் வேண்டும் என்பதே இன்றைய அறிவியல் நியதி.

4. அடைவு, உளச்சார்புச் சோதனைகள். அடைவுச் சோதனை கற்றதை அளக்கும். உளச்சார்புச் சோதனை இனிக் கற்கக்கூடியதை முன்னுரைக்க முயலும். வாசிப்பிடர், எழுத்திடர், கணித இடர் ஆகியவற்றைப் பிரித்தறிய முதல் வகையும், தொழில் வழிகாட்டல், ஆட்சேர்ப்பு ஆகியவற்றுக்கு இரண்டாவது வகையும் பயன்படும். இலங்கையின் அரச சேவைப் போட்டிப் பரீட்சைகளில் இடம்பெறும் நுண்ணறிவு வினாத்தாள்களும் இவ்வினத்தைச் சார்ந்தனவே.

5. ஆளுமைச் சோதனைகள். இவை இருவகை. சுயவினாக்கொத்து வகையில் 1943ஆம் ஆண்டு மினசோட்டாப் பல்கட்ட ஆளுமைப் பட்டியல் முதன்மையானது. புறத்தேற்று நுண்முறை வகையில் றோர்ஷாக்கின் மைத்தடச் சோதனையும் (1921), மோர்கனும் மறேயும் 1935இல் அறிமுகப்படுத்திய படக்கதைச் சோதனையும் அடங்கும். பின்னைய வகையின் ஏற்புடைமை பற்றி அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆதலின், உரையாடலைத் தொடக்கும் வாயிலாக மட்டுமே அவற்றைக் கொள்வோர் பலர்.

6. அறிகுறி அளவுகோல்கள். பெக்கின் மனச்சோர்வுப் பட்டியல் (1961), கோல்ட்பேர்க்கின் பொதுச் சுகாதார வினாக்கொத்து (1972), பிரசவத்தின் பின்னான மனச்சோர்வுக்கென 1987இல் ஆக்கப்பட்ட பத்து வினாக்கள் கொண்ட எடின்பரோ அளவுகோல் முதலியன இவ்வகையின. எடின்பரோ அளவுகோலின் ஏற்புடைமை தமிழிலும் சிங்களத்திலும் ஆராயப்பட்டுள்ளமை பயனுடைய செய்தியாகும். இவை சலித்தெடுக்கும் கருவிகள். நோயை நிர்ணயிப்பன அல்ல. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேரில் 50 பேருக்கு மெய்யாகவே மனச்சோர்வு உண்டெனவும், அளவுகோல் நோயுற்றோரில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாகக் கண்டுகொள்கிறதெனவும், நோயற்றோரில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாக விலக்குகிறதெனவும் கொள்வோம். நோயுற்றோரில் 40 பேர் அகப்படுவர். நோயற்ற 950 பேரில் 190 பேரும் உடன் அகப்படுவர். ஆக, ‘உண்டு’ எனக் குறிக்கப்பட்ட 230 பேரில் மெய்யாக நோயுற்றோர் 40 பேரே. அடுத்து முறையான நேர்காணல் இல்லையெனில், சலித்தெடுப்பு வீண் அச்சத்தையே விளைக்கும்.

7. நரம்புளவியல் மதிப்பீடு. தலைக்காயம், பக்கவாதம், வலிப்பு, முதுமை மறதி ஆகியவற்றின் பின் ஞாபகம், கவனம், மொழி, திட்டமிடல் என்பன எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளன என்பதை அறிவது. புனர்வாழ்வுக்கும் நட்டஈட்டுக் கோரிக்கைக்கும் இது இன்றியமையாதது.

8. சட்டத்துறை மதிப்பீடு. குற்றஞ்சாட்டப்பட்டவர் விசாரணையை விளங்கி எதிர்கொள்ளத் தக்கவரா, செயல் நிகழ்ந்தபோது அவரின் உளநிலை யாது என்னும் இரு வேறு வினாக்களுக்கு விடை காண்பது. பின்னையதைப் பற்றி இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவும், சித்த சுவாதீனமற்றோர் மீதான விசாரணை பற்றி 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் கூறுகின்றன.

ஒரு சிறுமியை முன்னிறுத்தி

மேற்கூறிய வகைகள் நடைமுறையில் எங்ஙனம் ஒன்றிணைகின்றன என்பதை விளக்க, ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மாத்தளை மாவட்டத் தோட்டமொன்றில் ஒன்பது வயதுச் சிறுமி நான்காம் வகுப்பிற் படிக்கின்றாள். வாசிக்கத் தெரியாது, கேட்ட கேள்விக்கு விடை கூறாது நிற்பாள். ‘இந்தப் பிள்ளைக்கு மண்டையில ஒன்னும் ஏறாது’ என்பது பாடசாலையின் முடிவு. தாய் கொழுந்து பறிக்கச் செல்வதால் வாரத்தில் இரு நாள் தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டில் நிற்கின்றாள்.

இச்சிறுமி நகர வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, தமிழ் தெரியாத ஒருவரால், சிற்றூழியர் ஒருவரின் மொழிபெயர்ப்புடன், மேலைநாட்டு நியமங்களைக் கொண்ட நுண்ணறிவுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டால் 60 என்றோ 65 என்றோ ஓர் எண் கிடைக்கக்கூடும். அவ்வெண் கோவையில் ஏறியபின் அழிவதில்லை.

முறையான மதிப்பீடு வேறுவிதமாகச் செல்லும். முதலிற் செவியும் கண்ணும் சோதிக்கப்படும். சிறுவயதில் அடிக்கடி காதிற் சீழ் வடிந்ததாகத் தாய் கூறுவாளாயின், செவிப்புலக் குறைவே மௌனத்தின் காரணமாகலாம். அடுத்து இரத்தச்சோகை, போசாக்கு, பாடசாலை வரவு ஆகியன நோக்கப்படும். பின்னர் தாயிடம் இசைவாக்க நடத்தை பற்றிக் கேட்கப்படும். தம்பிக்குச் சோறூட்டி, தண்ணீர் சுமந்து, கடையிற் சாமான் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்கும் பிள்ளைக்கு ‘மந்தபுத்தி’ என்ற சொல் பொருந்துமா? அதன் பின்னரே மொழி சாராச் செயற்சோதனையும், தமிழில் எழுத்தறிவு பற்றிய அடைவுச் சோதனையும் இடம்பெறும். இறுதி அறிக்கை ஓர் எண்ணோடு நின்றுவிடாது. செவிமருத்துவம், முன்வரிசை இருக்கை, வாசிப்புக்கான மேலதிக உதவி, தம்பிக்குப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் இடம் எனச் செய்யவேண்டியவற்றைக் கூறும். முதல் வழி பிள்ளையைக் கைவிடுவதற்குச் சான்றிதழ் வழங்குகிறது. இரண்டாவது வழி பிள்ளையின் பொறுப்பை யார் யார் ஏற்க வேண்டும் என்று சுட்டுகிறது. பினே வேண்டியது இரண்டாவதையே.

நுண்ணறிவுப் புள்ளிகள் சமூக நிலைமைகளோடு மாறுவன என்பதற்கு வலுவான சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டிற் பல நாடுகளில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளிகள் வீதம் சராசரி உயர்ந்து வந்ததை ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் எடுத்துக்காட்டினார். ஒரு தலைமுறைக்குள் பரம்பரை அலகுகள் மாறிவிடுவதில்லை. மாறியவை கல்வியும் போசாக்கும் வாழ்க்கைச் சூழலுமே. இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களிலேயே அரசின் பொறுப்பில் பெருமளவு வரத்தொடங்கின. இந்த முப்பது ஆண்டு இடைவெளியைக் கணக்கிற் கொள்ளாது, தோட்டத்துப் பிள்ளையின் புள்ளியையும் நகரத்துப் பிள்ளையின் புள்ளியையும் அருகருகே வைப்பது அறிவியலாகாது.

மொழி என்னும் தடை

சோதனையை மொழிபெயர்த்தல் சொற்களை மாற்றுவதோடு முடிவதில்லை. ஞாபகத்தை அளக்க இலக்கங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் எளிய பணியை நோக்குவோம். ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து ஒன்பது வரையான எண்ணுப்பெயர்களில் ஏழைக் குறிக்கும் சொல்லைத் தவிர ஏனையவை ஓரசைச் சொற்கள். தமிழில் இரண்டு, ஒன்பது முதலியன நீண்டொலிப்பன. எண்ணுப்பெயர்களைச் சொல்ல எடுக்கும் நேரம் கூடினால் நினைவில் நிற்கும் இலக்கங்களின் தொகை குறையும் என்பதை, வெல்ஷ் மொழி பேசுவோரிடத்து எல்லிஸும் ஹெனெலியும் 1980இல் காட்டினர். ஆங்கில நியமத்தைத் தமிழ்ப் பிள்ளைக்குப் பயன்படுத்தினால், மொழியின் ஒலியமைப்பே பிள்ளையின் குறைபாடாகக் கணிக்கப்படும்.

முதுமை மறதியைச் சலித்தெடுக்க 1975 முதல் உலகெங்கும் வழங்கும் 30 புள்ளிச் சிற்றுளநிலைப் பரிசோதனையில், ஒரு சொல்லின் எழுத்துகளைப் பின்னிருந்து கூறச் சொல்வதுண்டு. உயிர்மெய்யெழுத்துகளாலான தமிழில் அப்பணியின் இயல்பே மாறிவிடுகின்றது. தற்போது நிலவும் பருவகாலம் எதுவெனக் கேட்பதும், நால்வகைப் பருவம் இல்லாத நம் நாட்டில் தடுமாற்றத்தை விளைக்கும். ஒரு வசனம் எழுதச் சொல்வது, பள்ளி செல்லாத மூதாட்டிக்கு நோயின்றியே புள்ளியிழப்பாகும். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுத்தறிவற்ற முதியோருக்கென 1995இல் இப்பரிசோதனையை ஹிந்தியிற் கங்குலி குழுவினர் திருத்தியமைத்தமை பின்பற்றத்தக்க முன்மாதிரியாகும்.

துயரை அளக்கும் கருவிகளில் இப்பிரச்சினை மேலும் நுட்பமானது. ஆங்கிலேயர் மனம் வாடுதலை நீல நிறத்தால் உணர்த்துவர்; தமிழில் அதனை நேரே பெயர்த்தால் நகைப்புக்கிடமாகும். நம்மவர் துயரைப் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே கூறுவர். ‘நெஞ்சடைக்குது’, ‘தலையிடி’, ‘கைகால் உளைவு’, ‘ஒரே யோசனை’, ‘பெருமூச்சு’ என்பனவற்றில் மனச்சோர்வின் முழு வரலாறும் அடங்கியிருக்கக்கூடும். ‘யோசனை’ என்னும் சொல் இலங்கைத் தமிழில் கவலையில் உழல்வதையும் குறிக்கும் என்பதை அறியாதவர், அதனைச் சிந்தனை எனக் கொண்டு கடந்துவிடுவார். கணநாத் ஒபயசேகர 1985இல் வெளியான தமது கட்டுரையில், மேலைத்தேயத்தில் நோய் எனப்படும் உளநிலை பௌத்தப் பண்பாட்டில் வாழ்க்கையின் நிலையாமை பற்றிய தத்துவ நோக்காகவும் அமையலாம் என வாதிட்டார். அவருடைய முடிவை முழுதாக ஏற்காதவரும் அவர் எழுப்பிய கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

எனினும் பண்பாட்டு வேறுபாட்டைக் காரணம் காட்டி மதிப்பீட்டையே கைவிடுதலும் தவறாகும். போரின் உளத்தாக்கம் பற்றி யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நிகழ்த்திய ஆய்வுகள், 1998இல் வெளியான அவரின் ஆங்கில நூல் வாயிலாக உலகின் கவனத்தைப் பெற்றன. அளந்து பதிவு செய்யாதிருந்தால் அத்துயர் இல்லையென்றே ஆகியிருக்கும். அதுல சுமதிபால, ஜோவன் மறே ஆகியோர் 2000இல் சிங்கள மொழிபெயர்ப்புக்கென ஒரு முறையை முன்வைத்தனர். பலர் கூடி ஒவ்வொரு வினாவின் பொருளையும் ஆராய்ந்து இணக்கம் காண்பது அதன் அடிப்படை. காயத்திரி பெர்னாண்டோ ஒருபடி மேற்சென்று, துயரை மக்கள் தாமே எவ்வாறு விவரிக்கின்றனர் என்பதிலிருந்து தொடங்கி, இலங்கையருக்கென உளசமூக நிலை அளவுகோல் ஒன்றை உருவாக்கி 2008இல் வெளியிட்டார். கட்டடத்தைப் பெயர்ப்பதற்கு மாற்றாக, உள்ளூர்க் கல்லில் புதிதாகக் கட்டும் வழி இது.

மதிப்பீடும் அதிகாரமும்

மதிப்பிடுபவர் ஒருபுறமும் மதிப்பிடப்படுபவர் மறுபுறமும் இருக்கும்போது அங்கே அதிகார உறவொன்று தோன்றுகின்றது. இலங்கையில் உளநோயாளரை வைத்தியசாலையில் அனுமதிப்பது பற்றிய சட்டத்தின் வேர் 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. நோயுற்றவரின் உரிமையைவிட அவரை அடைத்து வைப்பதிலேயே அக்காலச் சட்டம் கருத்தூன்றியது. அங்கொடை வைத்தியசாலை 1926இல் தொடங்கி நெடுங்காலம் நாடு முழுவதற்கும் புகலிடமாயிருந்தது. தொலைவில் வாழ்ந்த தமிழ் நோயாளர், தம் மொழி கேளாத இடத்தில் தம் உளநிலையை விளக்கவேண்டியவராயினர். 2005ஆம் ஆண்டு உளநலக் கொள்கை, சேவைகளை மாவட்டங்களுக்குப் பரவலாக்க வழிகோலியது வரவேற்கத்தக்கது. ஆயினும் சேவை அருகில் வந்தாலும் மொழி அருகில் வராவிடின் தூரம் குறைந்ததாகாது.

ஒப்புதல் என்பது இங்கு அடிப்படையானது. உண்மை அறியும் பெயரால் ஒருவரின் விருப்பின்றி மயக்கமருந்து ஏற்றி வினவுதல், பொய்யறி கருவிக்கு உட்படுத்தல் ஆகியன அரசியலமைப்புக்கு முரணானவை என்று இந்திய உயர் நீதிமன்றம் 2010இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில் தீர்ப்பளித்தது. உள்ளத்தின் உள்ளறைக்குள் அரசு பலவந்தமாக நுழையலாகாது என்பதே அதன் சாரம். இத்தத்துவம் சிறைக்கு மட்டுமன்றி, தொழில் வழங்குவோர் நடத்தும் ஆளுமைச் சோதனைகளுக்கும் பாடசாலைக் கோவைகளுக்கும் பொருந்தும். எதற்காக மதிப்பீடு, பெறுபேற்றை யார் பார்ப்பர், மறுக்க முடியுமா என்பனவற்றை மதிப்பிடப்படுபவர் தம் தாய்மொழியில் அறிந்திருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கன

பல்கலைக்கழகத்தாரும் ஆசிரியரும் தொழிற்சங்கத்தாரும் சேர்ந்து மேற்கொள்ளத்தக்க பணிகள் சிலவற்றை முன்வைக்கின்றோம்.

முதலாவதாக, மலையகம், வடக்கு, கிழக்கு, புத்தளம் முதலிய பகுதிகளின் தமிழ் பேசும் பிள்ளைகளை உள்ளடக்கிய நியமங்கள் வகுக்கப்படல் வேண்டும். தமிழ்நாட்டு நியமங்களை அப்படியே கொள்வதும் பெயர்ப்புத் தவறே; மொழி ஒன்றாயினும் வாழ்வு ஒன்றன்று.

இரண்டாவதாக, மாவட்ட வைத்தியசாலைகளில் தமிழில் மதிப்பிடவல்ல உளவியலாளரும், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். சிற்றூழியரையோ நோயாளியின் பிள்ளையையோ மொழிபெயர்க்கச் செய்வது நோயாளியின் அந்தரங்கத்தை மீறுவதாகும்.

மூன்றாவதாக, எந்தப் பிள்ளையையும் தனியொரு சோதனையின் பெறுபேற்றைக் கொண்டு சாதாரண வகுப்பிலிருந்து விலக்கலாகாது. செவி, கண் சோதனையும் இசைவாக்க நடத்தை மதிப்பீடும் முன்நிபந்தனைகளாதல் வேண்டும்.

நான்காவதாக, அறிக்கையின் சுருக்கம் பெற்றோர் விளங்கும் தமிழில் வழங்கப்படல் வேண்டும்.

முடிவுரை

உளமதிப்பீடு பல வகைப்பட்டது. ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு வினாவுக்கு விடையளிப்பது. நுண்ணறிவுச் சோதனை துயரை அளக்காது. அறிகுறி அளவுகோல் நோயை நிர்ணயிக்காது. ஆளுமைச் சோதனை குற்றத்தை நிறுவாது. வினா எது என்பதை மறந்து கருவியைத் தூக்கும்போதே அது ஒடுக்குமுறைக்குத் துணைபோகின்றது. வினாவை அறிந்து, மொழியை அறிந்து, வாழ்வை அறிந்து பயன்படுத்தினால், கேளாச் செவியைக் கேட்கச் செய்யவும் சொல்லாத் துயருக்குச் சொல் கொடுக்கவும் அது வல்லது.

நாலந்தாவின் கற்களைப் பெயர்த்தவர்கள், அவை மீண்டும் பொருந்தி நிற்கும் வகையிற் பொறுமையுடன் உழைத்தார்கள். அவ்வழியே கால்நடையாகச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகளை அளப்பதற்கு முன், அவ்வளவு பொறுமையேனும் நம்மிடம் இருத்தல் வேண்டும்.